கல்லூரி வானொலியும் நம் அயற் கலைஞரும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் முகத்துவாரம். ஆற்றின் வாய்க்குத் தமிழில் வழங்கும் பொதுப்பெயரே கொழும்பின் வடகோடியிலுள்ள இப்பகுதிக்குச் சிறப்புப் பெயராய் நிலைத்துவிட்டது. ஆற்று நீரும் கடல் நீரும் கலப்பது போலவே இங்கே ஒலிகளும் கலக்கின்றன. கோயில் மேளம், மாதா கோயில் மணி, பள்ளிவாசற் பாங்கு, மீன்படகின் இயந்திர ஓசை, துறைமுகத்துக்கு விரையும் லொறிகளின் இரைச்சல் ஆகிய யாவும் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுகின்றன. மாலைப் பூசை வேளையில் இந்த இரைச்சலை ஊடறுத்துக்கொண்டு நாதஸ்வரம் எழும்போது வீதியிற் செல்பவர் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கிறார். பின்னர் தம் வழியே போய்விடுகிறார். ஊதுகின்றவர் யார், அவருக்கு ஆசான் யார், எந்த ஊரிலிருந்து எப்போது இங்கு வந்தார், அவருக்குப் பின் அந்தக் குழலை ஏந்தப் போகிறவர் யார் என்று அவரிடம் கேட்டவர் எத்தனை பேர்?

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள ஒரு மேல்வகுப்பு மாணாக்கனைக் கேட்டுப் பாருங்கள். தென்னிந்தியத் திரையிசைப் பாடகர்களின் பெயர்களை வரிசையாய்ச் சொல்வான். அவர்கள் எந்த ஆண்டில் எந்தப் படத்திற் பாடினார்கள் என்பதையும் பிழையின்றிச் சொல்வான். தான் நாள்தோறும் கடந்து செல்லும் ஒழுங்கையில் மிருதங்கத்துக்கு வார் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரின் பெயரை மட்டும் அவன் அறியான். குற்றம் அவனுடையதன்று. அவன் காதில் விழும் கருவிகள் யாவும் தொலைவிலுள்ளவரைப் பற்றியே பேசுகின்றன. அயலவரைப் பற்றிப் பேசும் கருவி ஒன்றை நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை.

நாம் கலைஞரைப் போற்றாமலில்லை. மேடையேற்றுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், பட்டங்கள் பல சூட்டுகிறோம். ஆனால் அந்த மேடையிலே பேசுகிறவர்கள் யார்? தலைவர் பேசுவார், பிரதம விருந்தினர் பேசுவார், வாழ்த்துரை வழங்குவோர் ஐவர் பேசுவர். இறுதியிற் கலைஞருக்கு ஏற்புரைக்கென ஐந்து நிமிடம் எஞ்சும். அரங்கேற்றங்களிலும் இதே கதைதான். ஆடிய செல்வியின் திறமும் பெற்றோரின் பெருமையும் மணிக்கணக்கில் எடுத்துரைக்கப்படும். பக்கவாத்தியக்காரரின் பெயர்கள் நன்றியுரையில் ஒரே மூச்சில் ஓடி மறையும். ஒரு கலைஞரின் பிறப்பு, கல்வி, குரு, உழைப்பு ஆகியவை முறையாக எழுத்தில் ஏறுவது பெரும்பாலும் அவர் மறைந்த முப்பத்தோராம் நாள் வெளிவரும் நினைவு மலரிலேதான். அதை எழுதுகிறவர்கள் தேதிகளைத் தேடி அலைகிறார்கள். பதில் சொல்ல வேண்டியவரோ அப்போது இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தம் வானொலியைக் கருவியாக்க வேண்டும் என்பதே நாம் இன்று முன்வைக்கும் கருத்து. வானொலிக் கலையில் 'உரைச்சித்திரம்' என்று ஒரு வடிவம் உண்டு. ஒருவர் நின்று பேசுவது சொற்பொழிவு. இருவர் இருந்து பேசுவது செவ்வி. பலர் நடித்துப் பேசுவது நாடகம். இவை மூன்றிலும் வேண்டியதை எடுத்து, இசையையும் இடத்தின் இயல்பான ஓசைகளையும் சேர்த்து, ஒரு மனிதரையோ தொழிலையோ ஊரையோ செவிக்குக் காட்டுவது உரைச்சித்திரம். ஓவியன் வண்ணத்தால் தீட்டுவதை ஒலிபரப்பாளன் ஒலியால் தீட்டுகிறான். அயலிலுள்ள இசைவாணரையும் கூத்தரையும் கைவினைஞரையும் பற்றி மாணாக்கர் தாமே இத்தகைய சித்திரங்களைத் தயாரித்தால், முப்பத்தோராம் நாள் மலருக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

இது நமக்குப் புதிய கலையன்று. கொழும்பில் ஒலிபரப்புச் சேவை 1925 டிசம்பரில் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னரே தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வேட் ஹாப்பர் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிச் சோதனைகள் நடத்தியிருந்தார். உலகப்போரின் பின், 1949இல் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் வந்தது. 1967இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. அந்த நிலையத்திலும் லண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 1954இல் 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை வெளியிட்டார். ஒலிபரப்பைப் பற்றித் தமிழில் எழுந்த முன்னோடி நூல் அது. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவரும் அவரே. இலங்கையர்கோன் 'விதானையார் வீட்டில்' என்ற நாடகத்தையும், சானா என்ற சண்முகநாதன் 'லண்டன் கந்தையா'வையும் தந்து, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழுக்கு ஒலிவாங்கியின் முன் ஓர் ஆசனம் வாங்கிக் கொடுத்தனர். எழுதிப் படிக்கும் தமிழே வானொலித் தமிழென்று இருந்த காலத்தில் அது சிறிய செயலன்று.

ஆயினும், தேசிய வானொலி ஒன்று ஊர் ஊராய், தெருத் தெருவாய்ச் சென்று சித்திரம் தீட்டுவதென்பது எக்காலத்திலும் கைகூடியதில்லை. நாடு முழுவதற்கும் பொதுவானதையே அது முதலில் தேடும். தனியார் அலைவரிசைகள் வந்த பின்னர் நேரத்துக்கு விலை ஏறிற்று. விளம்பரதாரர் வாங்காத நிமிடம் வீணான நிமிடம் என்று எண்ணும் இடத்தில், சீவாளி கட்டும் முதியவர் ஒருவரின் பேச்சுக்கு அரைமணி நேரம் எவர் ஒதுக்குவார்? கல்லூரி வானொலிக்கு இந்தத் தளை இல்லை. அதற்கு விற்க வேண்டிய சரக்கு எதுவுமில்லை. கேட்போர் தொகையைக் காட்டி எவரையும் மகிழ்விக்க வேண்டிய தேவையுமில்லை. ஏழையின் கையிலுள்ள செல்வம் நேரம் ஒன்றே என்பார்கள். கல்லூரி வானொலியும் அவ்வகை ஏழைதான். அந்தச் செல்வத்தை அது நல்வழியிற் செலவிடட்டும்.

உரைச்சித்திரத்தில் யாருடைய குரல் ஒலிக்க வேண்டும் என்ற வினாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. 1957இல் ஜோன் அக்சன் என்ற ரயில் சாரதி, கட்டுக்கடங்காமல் ஓடிய தன் வண்டியை விட்டுக் குதிக்காமல் நின்று உயிர் நீத்தார். அவரைப் பற்றி நிகழ்ச்சி தயாரிக்க பி.பி.சி.யின் சார்ள்ஸ் பார்க்கரும் பாடகர் இவான் மக்கோலும் ஒலிப்பதிவுக் கருவியோடு ரயில்வே தொழிலாளரிடம் சென்றார்கள். அக்கால வழக்கப்படி, பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கி நடிகர்களைக் கொண்டு பேசுவிப்பதே முறை. பதிவுகளைக் கேட்டபோதோ, அந்தத் தொழிலாளரின் சொல்லுக்கும் மூச்சுக்கும் எந்த நடிகரும் ஈடாகார் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். நடிகரை விலக்கி, தொழிலாளரின் சொந்தக் குரல்களையே பாடல்களோடு கோத்து 1958 ஜூலையில் ஒலிபரப்பினார்கள். 'ரேடியோ பலட்' என்று பெயர் பெற்ற அவ்வரிசையில் 1964 வரை எட்டு நிகழ்ச்சிகள் வந்தன. அதன் பிறகு, பொதுமகனின் குரல் வானொலிக்கு ஏற்றதன்று என்று எவரும் துணிந்து சொல்ல முடியவில்லை.

கல்லூரி வானொலி என்ன செய்ய வல்லது என்பதற்கு நியூயோர்க் நகரிலிருந்து ஒரு சான்று காட்டலாம். கொலம்பியாப் பல்கலைக்கழகம் ஹார்லெம் என்னும் கறுப்பின மக்கள் வாழும் பகுதியை அடுத்துள்ளது. ஜாஸ் இசையின் தாயகங்களில் ஒன்று அது. பல்கலைக்கழகத்தின் மாணாக்கர் வானொலியான டபிள்யூ.கே.சி.ஆர். நிலையத்தில் 1970இல் ஃபில் ஷாப் என்ற இளைஞர் சேர்ந்தார். புகழ் மங்கி, வேலை குறைந்து, அண்டையிலே வாழ்ந்துகொண்டிருந்த முதிய வாத்தியக்காரர்களை அவர் தேடிப் பிடித்து நீண்ட செவ்விகள் எடுத்தார். எந்தத் தட்டில் யார் யார் வாசித்தார்கள், எந்த இரவில் எந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்பவற்றை வாசித்தவர் வாயாலேயே பதிந்தார். பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த உணவுச்சாலை ஒன்றில் அவர்கள் மீண்டும் வாசிக்கவும் வழி செய்தார். 2021இல் இறக்கும் வரை அந்த நிலையத்தோடு அவர் தொடர்பு அறவில்லை. அவருக்கு ஹார்லெம் வாய்த்தது போல நமக்குக் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் வாய்த்திருக்கின்றன.

வெளிநாட்டை மட்டும் காட்டுவானேன் என்று வாசகர் கேட்கக்கூடும். பல்கலைக்கழகம் நாட்டுக் கலைஞரிடம் சென்று கற்றபோது என்ன விளைந்தது என்பதை நம் நாட்டிலேயே கண்டிருக்கிறோம். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அம்பலாங்கொடைப் பக்கத்துச் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடம் நாடகம மரபைப் பயின்றதன் பயனாக 1956 நவம்பரில் 'மனமே' மேடையேறியது. சிங்கள நாடகத்தின் போக்கே அதனால் மாறிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணாக்கரை மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் திருப்பினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பழக்க, 1962இல் 'கர்ணன் போர்' அரங்கேறியது. பட்டதாரிகள் ஒரு கிராமத்து அண்ணாவியார் முன் மாணாக்கராய் நின்றார்கள் என்பதே அந்நிகழ்ச்சியின் பெருமை. சிங்களவரின் நாடகமவோ நம் கூத்தோடு உறவுடையது. கத்தோலிக்கர் வாயிலாக மேற்குக் கரையோரம் வழியே அது பரவிற்று என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அக்கரையோரத்தின் ஒரு துண்டுதான் நம் முகத்துவாரம். ஆகவே இங்குள்ள கலைஞரைத் தேடிச் செல்லும் மாணாக்கர் தமிழரோடு நின்றுவிடலாகாது. பெரிய வெள்ளியை ஒட்டிப் பாஸ்கு நடிப்போரும், பைலா பாடும் சிங்களவரும், றபான் கொட்டும் முஸ்லிம் அன்பரும் அந்த மண்ணின் கலைஞரே.

வானொலிக்காரர் மக்களிடம் சென்று தங்கிய முன்மாதிரியும் இங்கு உண்டு. மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்கென 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலி, தயாரிப்பாளர் குழுவைக் கிராமத்துக்கு அனுப்பியது. குழுவினர் அங்கேயே சில நாட்கள் தங்கி, மக்களோடு உண்டு, உறவாடி, அவர்கள் பேச்சையும் பாட்டையும் பதிந்து நிகழ்ச்சியாக்கினார்கள். கலையகத்தில் இருந்துகொண்டு கலைஞரை வரவழைப்பதற்கும் கலைஞரின் வாசலுக்குக் கலையகம் போவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த முயற்சி நன்கு காட்டிற்று.

இனி, செய்யும் முறையைப் பற்றிச் சில சொல்லுவோம். முதற் சந்திப்பிற் கருவியைக் கொண்டு போகலாகாது. சென்று, இருந்து, தேநீர் அருந்தி, கேட்டுவிட்டு வரவேண்டும். இரண்டாம் முறை போகும்போது கலைஞர் நம்மை விருந்தினராய் அன்றி அறிமுகமானவராய் வரவேற்பார். பதிவு அவர் வேலை செய்யும் இடத்திலேயே நடக்கட்டும். மண்டபத்தில் ஒலிவாங்கியின் முன் நிறுத்தினால் அவர் மேடைத் தமிழ் பேசத் தொடங்கிவிடுவார். வீட்டுத் திண்ணையில் அவர் பேசும் தமிழே நமக்கு வேண்டும். அந்தத் தமிழில் மலைநாட்டுச் சொல்லும் மன்னார்ச் சொல்லும் சிங்களச் சொல்லும் கலந்து வரலாம். அதைத் திருத்தப் புகுவது, ஓவியத்தில் உள்ள முகத்துக்கு மீசை வரைவது போலாகும். இலக்கணத் தமிழ் அறிவிப்பாளரிடம் இருக்கட்டும்.

கேட்கும் கேள்வி நன்றாயிருந்தால் நிகழ்ச்சி பாதி முடிந்தது. 'கலையுலகிற்கு நீங்கள் கூறும் செய்தி யாது?' என்று கேட்டால், எவரும் எங்கும் சொல்லக்கூடிய விடையே வரும். 'இந்தச் சீவாளி நல்லது, இது ஆகாது என்று எதனைக் கொண்டு அறிகிறீர்கள்?' என்று கேளுங்கள். அவர் ஒன்றை வாயில் வைத்து ஈரமாக்கி ஊதிக் காட்டுவார். கீச்சென்று ஒரு சத்தம் எழும். தலையை அசைத்து அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். அந்தக் கீச்சொலியும் இடையிலுள்ள மௌனமும் பத்துப் பக்கக் கட்டுரைக்குச் சமம். தவில்காரர் விரல்களிற் கூடுகளை ஒவ்வொன்றாய் மாட்டிக்கொண்டு தோலைத் தட்டிப் பார்க்கும் ஓசையையும், மிருதங்கம் செய்பவர் வலந்தலையிற் பூச்சை இட்டுக் கல்லாற் தேய்க்கும் ஓசையையும் கச்சேரியில் எவரும் கேட்பதில்லை. வானொலிக்கோ அவை பொன். ஒருகாலத்தில் நாதஸ்வரக் குழுவில் 'ஒத்து' ஊதுவதற்கென்றே ஒருவர் இருந்தார். சுருதிப்பெட்டி வந்து அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒத்து ஊதியவரை அறிந்த முதியவர் ஒருவர் அகப்பட்டால், அந்த ஒருவரைக் கொண்டே முழு உரைச்சித்திரம் ஒன்றைத் தீட்டிவிடலாம்.

கூலியைப் பற்றியும் கேட்க வேண்டும். கலையைத் தெய்விகம் என்று சொல்லிச் சோற்றைப் பற்றிப் பேசாமல் விடுவது நம்மவரின் பழைய வழக்கம். திருவிழா இல்லாத மாதங்களில் மேளக்காரர் என்ன செய்கிறார், மகனை ஏன் இத்தொழிலில் விடவில்லை, சாதியின் பெயரால் எந்த வாசலில் எப்படி நிறுத்தப்பட்டார் என்பவை கசப்பான வினாக்கள். கேட்கும் விதத்தில் மரியாதை இருந்தால் விடையும் வரும். அந்த விடை இல்லாத சித்திரம் பொன்னாடையின் மற்றொரு வடிவமேயன்றி வேறன்று. அவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்திப் பெறுவதும், சொன்னபின் வேண்டாமென்றதை ஒலிபரப்புவதும் அறமாகா.

பதிந்து வந்த இரண்டு மணி நேரப் பேச்சைப் பதினைந்து நிமிடமாய்ச் சுருக்குவதிலேதான் மாணாக்கரின் கல்வி அடங்கியிருக்கிறது. எதை விடுவது, எதை முன்னே வைப்பது, எந்த இடத்திற் பேச்சை நிறுத்தி வாத்தியத்தைப் பேசவிடுவது என்று முடிவு செய்யும்போது, தமிழ் வகுப்பிற் கற்ற சுருக்கமும் தெளிவும் கைக்கு வருகின்றன. அறிவிப்பாளர் உரை நாலில் ஒரு பங்கை மீறலாகாது. கலைஞர் தாமே சொல்லிவிட்டதை அறிவிப்பாளர் திருப்பிச் சொல்வது கேட்போரைச் செவிடர் என்று கருதுவதாகும். பதிவிடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் தனியே பதிந்துகொண்டால், வெட்டி ஒட்டிய இடங்களை அது மூடிக்கொடுக்கும். முகத்துவாரத்துக் காகங்கள் அதில் நிச்சயம் இருக்கும், அவை இருக்கட்டும்.

ஒலிபரப்பியதோடு பணி முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. காற்றில் விட்ட குரல் காற்றோடு போகும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவில் வாசிப்பில் ஈழத்தின் புகழைத் தமிழகம் வரை நிலைநாட்டியவர். 1933இற் பிறந்து 1975இல், இளவயதிலேயே மறைந்தார். அவரைப் பற்றித் தமிழக இயக்குநர் அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருதைப் பெற்றது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் இடையே நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தகைய மேதைக்கே இந்நிலையென்றால், தெருக்கோடிக் கலைஞருக்கு என்ன நேரும்? 1983 ஆடியில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. வீடு எரிந்தபோது அலுமாரியில் இருந்த புகைப்படமும் இசைத்தட்டும் ஒலிநாடாவும் எரியாமல் எங்கே போயிருக்கும்? ஒரே பிரதியாய் இருப்பது ஒரே தீயில் அழியும் என்பதை நம்மைவிட அறிந்த சமூகம் வேறில்லை.

ஆதலின் வெட்டப்படாத மூலப்பதிவைக் கட்டாயம் காத்துவைக்க வேண்டும். பதிந்த நாள், இடம், பேசியவர், பதிந்தவர், வாசித்த இராகம் ஆகிய குறிப்புகளோடு மூன்று பிரதிகள் எடுப்பது நன்று. முதற்பிரதி கலைஞரின் குடும்பத்துக்கே உரியது. இரண்டாவது கல்லூரி நூலகத்துக்கு. மூன்றாவது பொதுக் காப்பகம் ஒன்றுக்கு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் காத்து வருவதோடு, ஒலிப்பதிவுகளுக்கும் வாய்மொழி வரலாற்றுக்கும் 'ஆவணகம்' என்ற தளத்தை நடத்துகிறது. நம் மாணாக்கரின் பதிவுகளுக்கு அதைவிடப் பொருத்தமான வீடு வேறு ஏது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகையாளருக்குத் தம் ஆற்றுகைமேல் உரிமை அளித்திருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. பதிவதற்கும் பரப்புவதற்கும் எழுத்தில் இசைவு பெறுவது சட்டத்துக்கு மட்டுமன்றி மரியாதைக்கும் உரியது.

இதற்கெல்லாம் அனுமதிப்பத்திரமும் அலைவரிசையும் வேண்டாவா என்று அதிபர்கள் கேட்பார்கள். வானில் ஒலிபரப்ப வேண்டுமாயின் வேண்டும்தான். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் அரசின் அனுமதியோடு 2004 பெப்ரவரியில் வளாகச் சமூக வானொலியைத் தொடங்கி இந்தியாவுக்கே வழிகாட்டிற்று. ஆயினும் அலைவரிசை கிடைக்கும் வரை வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 1936இல் அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்தில் இரு மாணாக்கர் விடுதி அறைகளைக் கம்பியால் இணைத்தே ஒரு வானொலி நடத்தினார்கள். அந்நாட்டுக் கல்லூரி வானொலி இயக்கத்தின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. நம் பாடசாலைகளில் காலைக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. இடைவேளையில் அது சும்மா கிடக்கிறது. இணையம் இருக்கிறது. மாணாக்கர் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியோ, பார்க்கர் தோளில் தூக்கிச் சென்ற கருவியிலும் பன்மடங்கு இலகுவானது. இல்லாதது கருவியன்று, அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு எந்த வாசலுக்குப் போவதென்ற எண்ணமே இல்லை.

பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பர். இசையும் நடனமும் நாடகமும் நம் பாடத்திட்டத்தில் உள்ள பாடங்களே. நூலிற் படித்த தாளத்தை அதை அறுபது ஆண்டு வாசித்த கையிற் காண்பதைவிடச் சிறந்த பயிற்சி எது? அவ்வளவு பெரிய கலைஞர் நம் தெருவில் யார் இருக்கிறார் என்று கேட்பாரும் உளர். எல்லாரும் மேதையராய் இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு மேதை தோன்றுவதற்கு முன் நூறு பேர் கோயில் வாசலில் நின்று வாசித்திருக்க வேண்டும். அந்த நூறு பேரும் அற்றுப்போன மண்ணில் நூற்றோராவது மனிதர் முளைப்பதில்லை.

கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 முதல் தமிழ்ப்பணி ஆற்றி வருகிறது. கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை நூறாண்டைக் கடந்துவிட்டது. இவை போன்ற மன்றங்கள் ஆண்டுக்கொரு நாள் தம் மண்டபத்தைத் திறந்து, மாணாக்கர் தயாரித்த உரைச்சித்திரங்களை அந்தந்தக் கலைஞர் முன்னிலையில் எல்லாரும் இருந்து கேட்கும் அவையொன்றைக் கூட்டலாம். அன்று தலைமையுரை வேண்டாம், வாழ்த்துரை வேண்டாம். விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்டாற் போதும். பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தைக் கலைஞரின் கையிற் கொடுத்துவிடலாம். தமிழாசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒன்றுசேர்ந்து, தவணைக்கு ஒரு சித்திரம் என்று தொடங்கினாலே போதும். ஆண்டுக்கு மூன்று, பத்துக் கல்லூரிகள் செய்தால் முப்பது. பத்தாண்டிற் கொழும்புத் தமிழரின் கலை வரலாறு, கலைஞர் தம் வாயாலேயே சொன்ன வரலாறாய், நம் கையில் இருக்கும்.

வருகின்ற வெள்ளிக்கிழமை மாலை, முகத்துவாரத்துக் கோயில் வாசல் ஒன்றில் பூசை முடிந்து நாதஸ்வரக்காரர் குழலைத் துணியிற் சுற்றிக்கொண்டிருப்பார். மாணாக்கர் இருவர் அவரிடம் சென்று, "ஐயா, உங்கள் பெயரென்ன?" என்று கேட்கட்டும். மற்றவை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரும்.